குண்டறா விளம்பரம்

குண்டறா விளம்பரம் என்பது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக ஆயுதம் ஏந்தும்படி நாட்டு மக்களை அழைத்து, திருவிதாங்கூர் தளவாய் (தலைமை அமைச்சர்) வேலுத்தம்பி 1809 ஜனவரி 11 அன்று (கொல்லம் 984, மகரம் 1) வெளியிட்ட போர் அறைகூவல். கொல்லத்தை அடுத்த குண்டறாவில் இது வெளியானது. 'விளம்பரம்' என்ற சொல் இங்கே ஊரறியச் சொல்லும் அறிவிப்பைக் குறிக்கும்.

பின்னணி

வேலுத்தம்பி 1765-ல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் தலக்குளத்தில் பிறந்தவர். 1799-ல் அமைச்சர் ஜயந்தன் சங்கரன் நம்பூதிரியின் கட்டாய வசூலை எதிர்த்து, நாஞ்சில்நாட்டு மக்களைத் திரட்டித் திருவனந்தபுரத்துக்கு நடந்தார். அமைச்சர் பதவி இழந்தார். 1802-ல் வேலுத்தம்பி தளவாய் ஆனார்.

கம்பெனியோடு 1805-ல் செய்துகொண்ட உடன்படிக்கை அவர் காலத்திலேயே கையெழுத்தானது. அதன்படி திருவிதாங்கூர் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். கஜானா வறண்டு பாக்கி ஏறியது. கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் கர்னல் மெக்காலே நெருக்கினார். தளவாய் கொச்சி அமைச்சர் பாலியத்து அச்சனுடன் கைகோத்தார். 1808 டிசம்பர் இறுதியில் கொச்சியில் மெக்காலேயின் மாளிகை தாக்கப்பட்டது. அவர் கப்பலுக்குத் தப்பினார்.

உள்ளடக்கம்

திப்பு சுல்தானை விட்டுக் கம்பெனியை நம்பிய திருவிதாங்கூருக்கு அந்த நட்பு தந்த பலன் என்ன என்று விளம்பரம் முதலில் கணக்குப் பார்க்கிறது. எதிர்த்துப் போரிடாவிட்டால் நேரப்போவதை அடுத்து அடுக்குகிறது: அரண்மனையும் கோயிலும் அந்நியர் கைக்குப் போகும், உப்பு அவர்களின் குத்தகையாகும், தென்னைக்கும் வரி விழும். அடுப்படியில் உப்புப் பானையும் கொல்லையில் தென்னையும் உள்ள எவருக்கும் இது புரியும். அரசர்களுக்கு இடையிலான உடன்படிக்கைத் தகராறு இப்படித்தான் குடிமக்களின் போரானது. இதுவே விளம்பரத்தின் உண்மையான வலிமை.

அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். சாதி ஒழுங்கு குலையும், சமயம் கெடும் என்ற அச்சத்தையும் அது மூட்டியது. அந்த ஒழுங்கில் மிதிபட்டவர்களுக்கு அது விடுதலையின் குரலாக இருந்திருக்க முடியாது.

1801 ஜூன் 16-ல் திருச்சிக் கோட்டை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் சின்ன மருது ஒட்டச் செய்த அறிக்கை இதற்கு முன்னோடி எனலாம். அரசர்கள் பெயரில் நடந்த போருக்கு எழுத்தின் வழியே மக்களை நேரடியாக அழைத்தவை இவ்விரண்டும்.

போரும் வீழ்ச்சியும்

விளம்பரம் வெளியான சில நாட்களில், ஜனவரி 15 அன்று, கர்னல் சால்மர்ஸ் தலைமையிலான கம்பெனிப் படை கொல்லத்தில் திருவிதாங்கூர்ப் படையைத் தோற்கடித்தது. தெற்கே கர்னல் செயின்ட் லெஜர் பிப்ரவரி 10-ல் ஆரல்வாய்மொழி அரணைப் பிடித்தார். பத்மநாபபுரமும் உதயகிரிக் கோட்டையும் வீழ்ந்தன. மன்னர் பாலராம வர்மா தளவாயைக் கைவிட்டு, அவரைப் பிடிக்க ஆணையிட்டார்.

மண்ணடி பகவதி கோயிலில் சுற்றிவளைக்கப்பட்ட வேலுத்தம்பி, பிடிபடுமுன் உயிர் துறந்தார். அவருடைய உடலைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்து, கண்ணம்மூலையில் ஊர் பார்க்கத் தூக்கில் தொங்கவிட்டார்கள். இறந்தவர் உடலுக்கு இழைத்த இந்த அவமதிப்பைக் கவர்னர் ஜெனரல் மின்டோ பிரபுவே கண்டித்தார். திருவிதாங்கூர்ப் படை கலைக்கப்பட்டது. 1810-ல் ரெசிடென்டாக வந்த கர்னல் மன்றோ மறு ஆண்டே திவான் பொறுப்பையும் ஏற்றார். கம்பெனியிடம் அதிகாரம் போய்விடும் என்று விளம்பரம் எச்சரித்தது பலித்துவிட்டது.

நினைவு

மண்ணடியில் நினைவகம் உள்ளது. கிளிமானூர் அரண்மனையினர் காத்துவந்த வேலுத்தம்பியின் வாள் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்திடம் ஒப்படைக்கப்பட்டு, டெல்லியில் பல ஆண்டுகள் இருந்தபின் 2010-ல் திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது. அதே ஆண்டு அவர் நினைவாக அஞ்சல்தலையும் வெளியானது.

திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் அவருடைய சிலை நிற்கிறது. விலை, வரி, வேலை என்று முறையிட வரும் கூட்டங்கள் இன்றும் கூடுவது அந்தச் செயலக வாசலில்தான். 1799-ல் அவரே நாஞ்சில்நாட்டு மக்களோடு இந்த நகரத்துக்கு அப்படித்தான் வந்தார்.