பாலும் பொறியும்: பம்பாய்க்கு வந்த டேனியர் இருவர்

பிறந்த மண்ணை விட்டுப் பிறிதொரு மண்ணில் வேர் ஊன்றிய மக்களின் வரலாறு உலகெங்கும் ஒரே தன்மையுடையது. மொழி வேறு, உடை வேறு, உணவு வேறு. ஆயினும் முதன்முதல் வந்தவன் பட்ட பாடு எங்கும் ஒன்றே. பம்பாய்த் தமிழராகிய நாம் இதனைப் பிறர் சொல்லி அறிய வேண்டுவதில்லை. நம் பாட்டனார் கையில் ஒரு தகரப் பெட்டியும் மடியில் ஒரு முகவரியும் கொண்டு தாதர் நிலையத்தில் வந்து இறங்கிய கதையை நாம் கேட்டே வளர்ந்தோம். அத்தகைய நாம், நம்மைப் போலவே இந்நகருக்குப் பிழைக்க வந்த வேற்று நாட்டார் இருவரின் வரலாற்றை அறிந்துகொள்வது பொருத்தமே. அவர்கள் பெயரை நாம் நாள்தோறும் சொல்லுகின்றோம். ஆனால் அவை மனிதர்களின் பெயர்கள் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. லார்சன் ஒருவர்; டூப்ரோ மற்றொருவர். இருவரும் டென்மார்க் நாட்டவர்.

டேனியர் தமிழருக்குப் புதியவர் அல்லர். 1620ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் கோட்டை கட்டியவர்கள் அவர்கள். சீகன்பால்கு என்னும் செர்மானியர் 1706இல் அங்கு வந்து இறங்கித் தமிழ் கற்றதும், தமிழில் நூல்களை அச்சேற்றியதும் டேனிய மன்னரின் ஆதரவினாலேயே. 1845இல் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு டேனியர் அகன்றனர். அவர்கள் பீரங்கியோடும் பண்டகசாலையோடும் வந்தவர்கள். நாம் இங்கே பேசப்போகும் இருவரோ, அதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், கல்வி ஒன்றையே கைமுதலாகக் கொண்டு வந்தவர்கள்.

அவர்களைப் புரிந்துகொள்ள அவர்கள் நாட்டின் நிலையைச் சிறிது அறிதல் வேண்டும். டென்மார்க் சிறிய நாடு. 1864இல் நிகழ்ந்த போரில் அது தன் நிலத்தில் கணிசமான பகுதியை இழந்தது. போதாக்குறைக்கு, அமெரிக்காவிலிருந்தும் உருசியாவிலிருந்தும் மலிவான தானியம் ஐரோப்பியச் சந்தையில் வந்து குவிந்தது. உழவர் வாழ்வு தள்ளாடிற்று. அந்நிலையில் அம்மக்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று நாட்டை விட்டுப் போதல். மற்றொன்று நாட்டிலிருந்தே தொழிலை மாற்றுதல்.

முதல் வழியை மேற்கொண்டவர் பலர். முதல் உலகப் போருக்கு முந்திய அறுபது ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று லட்சம் டேனியர் கடல் கடந்தனர். அவருள் பெரும்பாலோர் அமெரிக்காவில் குடியேறினர். அங்கே 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஐந்தாண்டுகள் குடியிருந்து பயிரிடுவோர்க்கு 160 ஏக்கர் நிலம் கிடைத்தது. மரமே இல்லாத புல்வெளியில், புல்வேரோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டிச் சுவர் எழுப்பி, அதனுள் மனைவி மக்களோடு குளிர்காலத்தைக் கழித்த குடும்பங்கள் எத்தனையோ. நெப்ராஸ்கா மாநிலத்தில் 1871இல் அவர்கள் அமைத்த ஊருக்குத் தம் நாட்டுக் கொடியின் பெயரையே சூட்டி, டானெப்ரோக் என்று அழைத்தனர். ஊரை விட்டு வந்தவன் ஊரின் பெயரைத் தன்னோடு கொண்டு வருகிறான் என்பது நமக்கு வியப்பன்று. தாராவியின் சந்துகளில் திருநெல்வேலிச் சிற்றூர்களின் பெயர்களையும், அவ்வூர்த் தெய்வங்களின் கொடை விழாவையும் நாம் அறிவோம் அன்றோ!

நாட்டிலேயே தங்கியவர்கள் செய்த செயல் இன்னும் பெரிது. தானியம் விற்பதை விட்டு, பசு வளர்த்து வெண்ணெய் விற்கத் துணிந்தனர். 1882இல் சட்லாந்துப் பகுதியில் ஹியெடிங் என்னும் சிற்றூரில் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை தோன்றியது. நூறு பசு உடையவனுக்கும் ஒரு வாக்கு. இரண்டு பசு உடையவனுக்கும் ஒரு வாக்கு. இந்நெறி நாடெங்கும் பரவிற்று. பாலைக் காய்ச்சவும், கடையவும், குளிர்விக்கவும் சிறந்த பொறிகளைச் செய்யும் தொழிற்சாலைகளும் உடன் வளர்ந்தன. பால்பண்ணைப் பொறி என்றால் டென்மார்க் என்னும் புகழ் உண்டாயிற்று.

இத்தகைய நாட்டிலிருந்து வந்தவர்களே ஹென்னிங் ஹோல்க்-லார்சனும் சோரன் கிறிஸ்தியன் டூப்ரோவும். டூப்ரோ 1906இலும், ஹோல்க்-லார்சன் 1907இலும் பிறந்தவர்கள். இளமையில் ஒன்றாகப் படித்தவர்கள். முன்னவர் கட்டடப் பொறியாளர். பின்னவர் வேதியியல் பொறியாளர். இருவரும் கோபன்ஹேகனில் சிமெண்டுப் பொறிகள் செய்யும் எஃப்.எல்.ஸ்மித் நிறுவனத்தில் பணியாற்றினர். டூப்ரோவை அந்நிறுவனம் 1934இல் இந்தியாவுக்கு அனுப்பியது. எங்கே என்று நினைக்கின்றீர்கள்? நம் கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரைக்கு! அங்கே சிமெண்டு ஆலையின் பொறிகளை நிறுவி ஓட்டுவிப்பதே அவருக்கு இட்ட பணி. பின்னாளில் பம்பாயில் பெயர் நாட்டிய அம்மனிதர் இந்தியாவில் தொழில் தொடங்கியது தமிழ் மண்ணில் என்பதை நாம் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம். இந்தியச் சிமெண்டு நிறுவனங்கள் பல 1936இல் ஒன்றாய் இணைந்தன. அதனையொட்டி எழுந்த பணிகளுக்காக 1937இல் ஹோல்க்-லார்சன் வந்து சேர்ந்தார்.

பம்பாய்க்கு அருகிலுள்ள மாத்தேரான் மலையில் விடுமுறையைக் கழிக்கும்போது, இவ்விருவரும் ஊதியப் பணியை விட்டுத் தாமே தொழில் நடத்துவதென்று முடிவு செய்தனர். 1938 மே முதல் நாளில் கூட்டு நிறுவனம் தொடங்கிற்று. அலுவலகம் மிகச் சிறியது. ஒரு நேரத்தில் பங்காளிகளில் ஒருவர் மட்டுமே அமர்ந்து வேலை செய்ய முடிந்தது என்பர். டென்மார்க்கில் செய்த பால்பண்ணைப் பொறிகளை வரவழைத்து இங்கே விற்பதே முதல் வாணிகம். தம் நாட்டு உழவர் கண்ட செல்வத்தை அயல்நாட்டில் விலைபேச வந்தவர்கள் என்றே அவர்களைச் சொல்லலாம்.

இரண்டு ஆண்டுகள் நிரம்புமுன் இடி விழுந்தது. 1940 ஏப்ரல் 9ஆம் நாள் செர்மானியப் படைகள் டென்மார்க்கைக் கைப்பற்றின. ஊரிலிருந்து பொறிகள் வருவது நின்றது. விற்கச் சரக்கு இல்லாத வணிகன் என் செய்வான்? ஊர் திரும்பவும் வழியில்லை. சரக்கு வராவிட்டால் இங்கேயே செய்வோம் என்று துணிந்தனர். சிறு பட்டறை ஒன்றை அமைத்துப் பால்பண்ணைப் பொறிகளைத் தாமே செய்யத் தொடங்கினர். போர்க்காலத்தில் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களைப் பழுது பார்த்தனர். டாட்டா நிறுவனத்தின் சோடா உப்பு ஆலையை நிறுவ வேண்டிய செர்மானியப் பொறியாளர்கள் போரினால் காவலில் வைக்கப்பட்டபோது, அப்பணியை ஏற்றனர். 1944இல் கட்டுமான நிறுவனம் ஒன்றையும் தோற்றுவித்தனர். பிறந்த நாடு பகைவர் கையில் இருந்த ஐந்தாண்டுகளில் புகுந்த நாடு அவர்களுக்குத் தொழிலும் துணையும் ஆயிற்று.

இந்தியா விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948இல், பவாயில் 55 ஏக்கர் நிலத்தை வாங்கினர். அந்நாளில் அது சேறும் காடுமாய்க் கிடந்தது. அமெரிக்கப் புல்வெளியை உழுத தம் இனத்தாரைப் போலவே இவர்களும் ஒரு பாழ்நிலத்தைத் திருத்தினர். விளைந்தது நெல்லோ கோதுமையோ அன்று, பொறிகள். அங்கே வேலைக்குச் சென்றோருள் நம்மவர் பலர் உண்டு. மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியிருந்து, சுருக்கெழுத்தும் கணக்கும் வரைபடமும் கற்ற தமிழர் அலுவலகங்களில் அமர்ந்தனர். பட்டறைகளில் பற்றவைப்பாளராயும் கடைசல்காரராயும் நின்றனர்.

பவாயை அடுத்த ஆரேயில் 1949இல் பால் குடியேற்றம் அமைந்தது. தாரா குரோடி என்னும் பார்சிப் பெருமகன் நகரத் தொழுவங்களில் அடைபட்டிருந்த எருமைகளை அங்குக் கொண்டு சென்றார். அதே ஆண்டில் குஜராத்தின் ஆனந்த் நகருக்குக் கோழிக்கோட்டில் பிறந்த வர்கீஸ் குரியன் சென்றார். கேடா மாவட்ட உழவரின் கூட்டுறவுச் சங்கம் பம்பாய்க்கு அனுப்பிய பால் வழியிலேயே திரிந்து போயிற்று. பாலைச் சிறிது நேரம் சூடேற்றி உடனே குளிர்விக்கும் பொறி வேண்டும் என்று குரியன் கண்டார். அப்பொறியை அவர் பம்பாயில் இந்த டேனியரின் நிறுவனத்திடமே வாங்கினார். டேனிய உழவன் கண்ட கூட்டுறவும், டேனியப் பொறியும் குஜராத்தி உழவனின் எருமைப் பாலோடு சேர்ந்தன. வைகறையில் மாதுங்காவில் வரிசையில் நின்று, ஈயத்தாள் மூடியிட்ட ஆரே புட்டிகளை வாங்கி வந்து, வடிகட்டிய காப்பியில் கலந்த நம் தாய்மார்களுக்கு இவ்வளவு பெரிய கதை அப்புட்டியில் அடங்கியிருந்தது தெரிந்திருக்க நியாயமில்லை.

டூப்ரோ 1963இல் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார், 1982இல் மறைந்தார். ஹோல்க்-லார்சனுக்கு 1976இல் மகசேசே விருது கிடைத்தது. குரியன், குரோடி, திரிபுவன்தாஸ் படேல் மூவரும் 1963இல் பெற்ற விருது அது. 2002இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் அளித்தது. 2003 சூலை 27ஆம் நாள் தம் 96ஆம் வயதில் அவர் இம்மும்பையிலேயே கண் மூடினார்.

இவ்வரலாற்றில் நாம் ஆராய வேண்டிய ஒன்று உண்டு. 1960களின் பிற்பகுதியில் தென்னாட்டவர் இந்நகரின் வேலைகளைப் பறித்துக்கொண்டனர் என்னும் கூக்குரல் எழுந்தது. நம் கடைகளின் பெயர்ப்பலகைகள் உடைந்தன. ‘வந்தேறி’ என்னும் சொல் நம் பிள்ளைகளின் செவியில் விழுந்தது. ஏழு கடல் கடந்து வந்த டேனியர் மீது அச்சொல் பாயவில்லை. அவர் பொறியும் முதலும் கொண்டு வந்தவர்; மேலும், வெள்ளையர் ஆட்சி நடந்த காலத்தில் வெள்ளையராய் வந்தவர். தாராவியின் தோல் பதனிடும் தொட்டிகளில் முழங்கால் அளவு நனைந்து நின்ற நெல்லைத் தொழிலாளிக்கு அந்த வாய்ப்பு இல்லை. கூடவே இன்னொன்றையும் மறத்தல் ஆகாது. பாழ்நிலம் என்று நாம் சொல்லும் காட்டில் நமக்கு முன்பே வாழ்ந்தவர் உண்டு. ஆரேயின் வார்லிப் பழங்குடியினர் இன்றும் அங்கே இருக்கின்றனர். முதலில் வந்தவர் யார் என்று கேட்கத் தொடங்கினால், நம்முள் பலரும் வந்தவர்களே.

ஆதலின் வந்த நாளைக் கொண்டு ஒருவரை அளத்தல் முறையன்று. வந்த இடத்தில் செய்த உழைப்பைக் கொண்டே அளத்தல் வேண்டும். அவ்வளவுகோலில் டேனியப் பொறியாளரும் நெல்லைத் தோல் தொழிலாளியும் ஒரே வரிசையில் நிற்பர். ஆனால் ஒரு வேறுபாடு எஞ்சும். அவருடைய பெயர் கட்டடத்தின் நெற்றியில் இருக்கிறது. பவாயின் சேற்றை அள்ளிக் கொட்டியவர்களின் பெயரும், தாராவியில் முதல் குடிசை போட்டவரின் பெயரும் எங்கும் இல்லை. அவர்களை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

ஆகவே நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் வீட்டிலிருந்து இந்நகருக்கு முதலில் வந்தவர் யார், எந்த ஆண்டில் வந்தார், எவ்வூரிலிருந்து வந்தார், முதல் இரவை எங்கே கழித்தார், முதற்கூலி எவ்வளவு என்பதை ஒரு பக்கத்திலேனும் எழுதி வைப்போம். பெரியவர் இருக்கும்போதே கேட்போம். பிள்ளைகளைக்கொண்டு எழுதச் செய்வோம். பெயர்ப்பலகை இல்லாத நம் முன்னோருக்கு நாம் எடுக்கக்கூடிய கட்டடம் அதுவே.