பெயர் ஏறிய திரை

வகுப்பறை. மணி அடித்தாயிற்று. வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களைப் படிக்கிறோம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் எழுகிறது. ஒரு நாள், ஒரே ஒரு பெயரை விட்டுவிட்டோம். வேண்டுமென்று செய்ததன்று, பிழைதான். ஆனால் அந்தச் சிறுவனின் முகம் வாடிய வாட்டம்! வகுப்பிலே அமர்ந்திருக்கிறான், ஆயினும், வகுப்பிலே இல்லாதவனாகிவிட்டான். பெயரை விடுவது ஆளையே விடுவது என்பதை அன்று நாம் உணர்ந்தோம்.

அந்த எண்ணத்தோடுதான், திரைப்படங்களின் தொடக்கத்திலே ஓடும் பெயர் வரிசையின் வரலாற்றைப் புரட்டினோம். கதை தொடங்குமுன் வந்துபோகும் எழுத்துகள்தாமே, அவற்றுக்கும் ஒரு வரலாறா என்பர் சிலர். உண்டு! அரியணை ஏறியோருக்கு வரலாறு இருப்பதுபோல், திரையில் பெயர் ஏறியோருக்கும் வரலாறு உண்டு. ஏறவொட்டாது தடுக்கப்பட்டோருக்கும் உண்டு.

அமெரிக்க நாட்டிலே திரைப்படம் தவழ்ந்த காலத்தில், நடிப்பவர் பெயர்கூடத் திரையில் வராது. பயோகிராப் நிறுவனத்தின் படங்களில் நடித்த பிளாரன்ஸ் லாரன்சை மக்கள் 'பயோகிராப் பெண்' என்றே அழைத்தனர். முகம் ஊரறிந்தது, பெயரோ எவரும் அறியாதது! பெயர் தெரிந்தால் புகழ் வரும், புகழ் வந்தால் ஊதியத்தை உயர்த்தக் கேட்பர் என்ற அச்சம் முதலாளிகளுக்கு. கார்ல் லெம்லி என்பார் அவரைத் தம் நிறுவனத்துக்கு அழைத்து, 1910இல் பெயரைப் பறைசாற்றி விளம்பரம் செய்தார். அறம் கருதியன்று, வாணிகம் கருதியே! எனினும் கதவு திறந்தது.

பிறகு பெயர்கள் வந்தன. அட்டையிலே தீட்டிய எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், போகும். பல அரங்குகளில் திரைச்சீலை விலகுமுன்னரே அவற்றை ஓட்டிவிடுவர். சீலையின் மடிப்பிலே நெளிந்து மறையும், உழைத்தோர் பெயர்!

இந்த நிலையை மாற்றியவருள் தலையாயவர் சால் பாஸ். நியூயார்க்கில் 1920இல் பிறந்த வரைகலைஞர். 1955இல் ஓட்டோ பிரமிங்கர் இயக்கிய 'தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்' படத்துக்கு அவர் அமைத்த தொடக்கத்தைக் காண்போம். கரிய திரை. வெண்பட்டைகள் ஒவ்வொன்றாய் நீள்கின்றன. இடையிடையே பெயர்கள் தோன்றுகின்றன. இறுதியில் அப்பட்டைகள் கோணிய ஒரு கையாய் உருமாறுகின்றன. போதை ஊசிக்கு அடிமையானவனின் கதை அது. கதையின் வலி முழுவதும் அந்த ஒரு கையிலே! சீலையை விலக்கிய பின்னரே பெயர்களை ஓட்டுக என்ற குறிப்போடு அப்படச் சுருள்கள் அரங்குகளுக்குச் சென்றன. பெயர் வரிசை அன்றுமுதல் படத்தின் வாயிலாயிற்று.

ஆனால், வாயிலை அழகுபடுத்திய அதே நாட்டில், அதே ஆண்டுகளில், அவ்வாயிலிலே காவலும் நின்றது.

1947இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவொன்று, பொதுவுடைமைக் கட்சியோடு உமக்குத் தொடர்புண்டா எனத் திரைத்துறையினரைக் கேட்டது. எம் கருத்தைக் கேட்க உமக்கு உரிமையில்லை என நிமிர்ந்து நின்றனர் பதின்மர். அவருள் ஒருவர் டால்டன் டிரம்போ, எழுத்தாளர். அவ்வாண்டு நவம்பரில் நியூயார்க்கின் வால்டார்ப் விடுதியிலே கூடிய பட முதலாளிகள், இவர்களுக்கு வேலையில்லை என அறிவித்தனர். டிரம்போ 1950இல் சிறை புகுந்தார்.

தடைக்குள்ளானவர் எழுதாமலா இருந்தார்? எழுதினார். அவர் எழுத்து வேண்டியிருந்தது, பெயர்தான் வேண்டாததாயிற்று! 1953இல் வந்த 'ரோமன் ஹாலிடே' படத்தின் கதை அவருடையது. திரையில் ஏறியதோ நண்பர் இயன் மெக்லெல்லன் ஹன்டரின் பெயர். கதைக்கான ஆஸ்கார் பரிசும் அப்பெயருக்கே போயிற்று. 1956இல் வந்த 'தி பிரேவ் ஒன்' படத்துக்கு 'ராபர்ட் ரிச்' என்ற புனைபெயர். அதற்கும் பரிசு! மேடையேறிப் பெற ராபர்ட் ரிச் என்றோர் எழுத்தாளர் இருந்தால்தானே?

தடை வளர வளர, அதை ஊடுருவும் அறிவும் வளர்ந்தது. ஸ்டான்லி கிராமர் 1958இல் எடுத்த 'தி டிஃபையன்ட் ஒன்ஸ்' படத்தை எழுதிய இருவருள் நெட்ரிக் யங் தடைக்குள்ளானவர். அவருக்கு 'நேதன் டக்ளஸ்' என்ற புனைபெயர்; மற்றவர் ஹரால்டு ஜேக்கப் ஸ்மித். தொடக்கத்திலே ஒரு சரக்குந்து வருகிறது. உள்ளே இருவர். அவர்கள் முகம் தெரியும் வேளையில், எழுத்தாளர் பெயர்கள் தோன்றுகின்றன. உந்திலே இருந்தவர்கள் யார்? அந்த எழுத்தாளர்களேதாம்! பெயரை மறைக்கச் சொன்னவருக்கு முகத்தைக் காட்டி விடையளித்தது அந்தப் பெயர்க் காட்சி.

1960 பிறந்தது. தம் 'எக்சோடஸ்' படத்தை எழுதியவர் டிரம்போவே என ஜனவரியில் வெளிப்படையாக அறிவித்தார் பிரமிங்கர். அக்டோபரில், அப்படத்துக்கும் முன்னதாகத் திரைக்கு வந்தது 'ஸ்பார்ட்டகஸ்'. உரோமப் பேரரசை எதிர்த்து எழுந்த அடிமைகளின் கதை. அதன் தொடக்கத்திலே கற்சிலைகள்: கைகள், வாள், செருக்கு நிறைந்த முகங்கள். கடைசி முகத்திலே விரிசல் ஓடுகிறது, கல் சிதறுகிறது. அந்தச் சிலைகளின்மேல்தான், திரைக்கதை டால்டன் டிரம்போ என்ற எழுத்துகள் ஏறின. மூலக் கதையை எழுதிய ஹவர்ட் ஃபாஸ்டும் சிறை கண்டவரே. படத்தில், பிடிபட்ட அடிமைகள் ஒவ்வொருவராய் எழுந்து, நானே ஸ்பார்ட்டகஸ் எனத் தலைவனின் பெயரைத் தமதாக்கிக் கொள்வர். பெயர் பறிக்கப்பட்டவர் எழுதிய காட்சி அது!

இரு படங்களுக்கும் பெயர்க் காட்சி அமைத்தவர் சால் பாஸ்தான். எதிர்ப்பாளர்கள் அரங்குகளின் முன் மறியல் செய்தனர். மக்கள் வரிசையில் நின்று படம் பார்த்தனர். தடையின் முதுகெலும்பு முறிந்தது.

இத்தோடு முடித்தால் இனிக்கும். ஆனால் வரலாறு இனிப்புக் கடையன்று. 'ஸ்பார்ட்டகஸ்' பெயர்க் காட்சியைப் பாஸோடு சேர்ந்து உருவாக்கியவர் எலைன் மகாட்டுரா என்ற பெண். மறு ஆண்டு அவரையே மணந்தார். ஓர் ஆடவனின் பெயரை மீட்டுத் தந்த அந்தக் காட்சியிலே, அதை உருவாக்கிய பெண்ணின் பெயர் இல்லை! 1990இல் 'குட்ஃபெல்லாஸ்' படத்திலே எலைன், சால் பாஸ் என இருவர் பெயரும் இணைந்து நின்றதைக் காண்கிறோம். இடையே முப்பது ஆண்டுகள்! 'ரோமன் ஹாலிடே'யின் ஆஸ்கார் 1993இல் டிரம்போவின் துணைவியாரிடம் வழங்கப்பட்டது. டிரம்போ மறைந்ததோ 1976இல்.

இன்று வீட்டுத் திரையிலே, தொடக்கத்தைத் தாண்டிச் செல்ல ஒரு பொத்தான் இருக்கிறது. அரங்கிலோ, இறுதிப் பெயர்கள் ஏறத் தொடங்கியதும் எழுந்து நடக்கிறோம். விளக்குப் பிடித்தவர், ஆடை தைத்தவர், ஒலி சேர்த்தவர் பெயரெல்லாம் வெற்று நாற்காலிகளைப் பார்த்து ஓடி மறைகின்றன. தடுப்பார் எவருமில்லை, படிப்பாரும் இல்லை!

மறுநாள் பதிவேட்டைத் திறந்ததும், விடுபட்ட அந்தச் சிறுவன் பெயரைத்தான் முதலில் படித்தோம். "உள்ளேன் ஐயா!" என்றான், வகுப்பே அதிரும்படி. அந்தக் குரல் நம் காதிலே இருக்கும்வரை, பெயர்கள் ஓடி முடியாமல் நாம் அரங்கைவிட்டு எழுவதில்லை.