தண்ணீரில் நிற்கும் கோபுரம்

ஏரி நடுவே ஒரு தேவாலயக் கோபுரம் தன்னந்தனியாக நிற்கும் படத்தை நாட்காட்டி ஒன்றில் பார்த்தேன். யாரோ பிரபு ஆசைப்பட்டுக் கட்டிய நீராழி மண்டபம் போலும் என்று நினைத்தேன். கட்டியது அல்ல, மிஞ்சியது என்று பிறகுதான் தெரிந்தது.

ஊர் கிரவுன். ஆல்ப்ஸ் மலையில், ரெஷென் கணவாயை ஒட்டி, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடக்கே ஆஸ்திரியா, மேற்கே ஸ்விட்ஜர்லாந்து. ஊர் மட்டும் இத்தாலியில். கிளாடியஸ் சக்கரவர்த்தி காலத்து ரோமானியச் சாலை இவ்வழியேதான் மலையைத் தாண்டியது. வெரோனா நகரம் வழியாகக் கடலுக்குப் போகும் ஆதிஜே நதி பிறப்பதும் இங்கேதான்.

முன்பு இது ஆஸ்திரியாவின் டிரோல் பகுதி. முதல் யுத்தத்துக்குப் பின், 1919 ஒப்பந்தத்தால் இத்தாலிக்குப் போயிற்று. ஜனங்கள் நகரவில்லை, எல்லைக்கோடு நகர்ந்தது. அவர்கள் பேசியது ஜெர்மன். முஸோலினி சர்க்கார் ஜெர்மன் பள்ளிகளை மூடிற்று. ஊர்ப் பெயரையும் 'குரோன்' என்று மாற்றிற்று. குழந்தைகள் தாய்மொழியைத் திருட்டுத்தனமாகப் படித்தார்கள்.

இந்த நிலையில் ஒரு காகிதம் வந்தது. மின்சாரத்துக்காக அணை கட்டி, அங்கிருந்த இரண்டு ஏரிகளையும் ஒன்றாக்கி, நீர்மட்டத்தை 22 மீட்டர் உயர்த்தப் போவதாக 1940-ல் அறிவிப்பு ஒட்டினார்கள். இத்தாலிய மொழியில்! ஊரை மூழ்கடிக்கப் போகும் செய்தியை, ஊரார் பலர் வாசிக்க முடியாத எழுத்தில் சுவரில் ஒட்டிவிட்டால் சட்டப்படி எல்லாம் சரியாகிவிடுகிறது. வெள்ளத்தைவிட எனக்கு அந்தக் காகிதந்தான் பயங்கரமாகப் படுகிறது.

இரண்டாம் யுத்தம் வேலையைத் தாமதப்படுத்திற்று. யுத்தம் முடிந்ததும் மறுபடி ஆரம்பித்தார்கள். பங்குச் சாமியார் ஆல்ஃபிரட் ரீப்பர் ரோமாபுரி சென்று போப்பாண்டவரிடமே முறையிட்டார். பலனில்லை. 1950-ல் 163 வீடுகளும், 523 ஹெக்டேர் விளைநிலமும் தண்ணீருக்குள் போயின. ஜூலை 18-ந் தேதி மணிகளை இறக்கினார்கள். பிறகு கோவிலை இடித்தார்கள். பதினான்காம் நூற்றாண்டுக் கோபுரத்தை மட்டும் தொடவில்லை. புராதனச் சின்னமாம்! குடியிருந்தவர்கள் அவ்வளவு பழையவர்களாக இல்லாமற் போனது அவர்கள் துரதிர்ஷ்டம். சிலர் கரையில் புதிய கிரவுனைக் கட்டிக்கொண்டார்கள். பலர் ஊரைவிட்டே போனார்கள்.

ஏரி உறைந்தால் கோபுரம்வரை நடந்து போகலாம். பனிக்கால இரவுகளில் அதன் மணியோசை கேட்பதாகச் சொல்கிறார்கள். மணிதான் இல்லையே என்றால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

2021-ல் பழுதுபார்ப்பதற்காகத் தண்ணீரை வடித்தபோது சேற்றுக்குள்ளிருந்து சுவர்களும் நிலவறைகளும் வாசற்படிகளும் வெளிவந்தன. எழுபது வருஷத்துக்குப் பின் அந்தப் படிகளில் வெயில் பட்டது. வேலை முடிந்ததும் மறுபடி தண்ணீர் ஏறிவிட்டது.