குலுக்கையிலிருந்து காற்றுப்புகாப் பை வரை: கரிசல் காட்டின் தானியக் காப்பு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் மானாவாரி வேளாண்மை வடகிழக்குப் பருவமழையை நம்பியது. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த கம்பும் சோளமும் குதிரைவாலியும் பயறு வகைகளும் தை, மாசியில் வீடு வந்து சேரும். அந்த ஒரு வெள்ளாமைதான் அடுத்த தை வரை சோறு, அடுத்த புரட்டாசிக்கு விதை. மழை பொய்த்தால் அதுவே இரண்டாண்டுக்கு நீள வேண்டும். 1876–78இன் தாது வருஷப் பஞ்சம் மதுரைச் சீமையை உலுக்கியபோது இந்தப் பகுதி அச்சீமையைச் சேர்ந்திருந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டத்துக்கும் 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கும் மாறியது. இத்தகைய வானம் பார்த்த பூமியில் விளைவிப்பதைப் போலவே விளைந்ததைக் காப்பதும் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

வண்டும் அந்துப்பூச்சியும்தான் தானியத்தின் பெரிய பகைகள். கூன்வண்டும் தானியத் துளைப்பானும் சோளத்தைக் குடைந்து மாவாக்கும். பயறு வண்டு காட்டிலேயே நெற்றின் மீது முட்டையிட்டு, பயறோடு சேர்ந்து வீட்டுக்குள் வந்துவிடும். வரகு, குதிரைவாலி போன்றவற்றுக்கு மட்டும் கெட்டியான உமியே கவசம். கோயில் கலசங்களில் வரகு இட்டு, குடமுழுக்கின்போது மாற்றும் வழக்கத்தின் பின்னால் அதன் நீடித்த ஆயுள் பற்றிய அனுபவ அறிவு இருக்கிறது.

மற்ற தானியங்களுக்குக் குலுக்கை வேண்டியிருந்தது. களிமண்ணில் வைக்கோலைக் கலந்து மிதித்து, வளையம் வளையமாக எழுப்பி, ஒவ்வொரு வளையமும் காய்ந்த பிறகே அடுத்ததை ஏற்றுவார்கள். மேல்வாய் வழியே தானியத்தைக் கொட்டி, மூடியின் விளிம்பில் மண்ணும் சாணமும் குழைத்துப் பூசுவார்கள். அடியில் உள்ள துளையைத் துணியால் அடைத்து, தேவைப்படும்போது அதன் வழியே எடுத்துக்கொள்வார்கள். விதையும் பயறும் பானைகளில் இருந்தன. பயறோடு சாம்பலோ செம்மண்ணோ கலப்பது, மேலே காய்ந்த மணலைப் பரப்புவது, வேப்பிலையும் நொச்சி இலையும் இடுவது எல்லாம் வழக்கம். வறண்ட மாவட்டங்கள் சிலவற்றில் சோளத்தைத் தரைக்கடியில் குழி வெட்டிப் புதைத்தும் வைத்தார்கள். மழையில் உப்பிக் கோடையில் பாளமாக வெடிக்கும் கரிசல் மண்ணில் குழியை இறுக்கமாக வைத்திருப்பது கடினம். தரைக்கு மேல் நிற்கும் குலுக்கைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

மூடிய கலத்துக்குள் நடப்பதைப் பிற்கால ஆய்வுகள் விளக்கின. நன்கு காய்ந்த தானியம் மிகக் குறைவாகவே சுவாசிக்கும். ஆக்சிஜனைத் தீர்ப்பவை பெரும்பாலும் பூச்சிகளே. காற்றில் 21 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜன் சில விழுக்காட்டுக்குக் குறையும்போது புழுக்கள் தின்பதை நிறுத்துகின்றன. உணவை ஆக்சிஜனோடு சேர்த்துச் சிதைத்தே அவை உடலுக்கு வேண்டிய நீரில் பெரும்பகுதியைப் பெறுகின்றன என்பதால், உண்ணாத புழு வறண்டு சாகிறது. கார்பன் டை ஆக்சைடு மிகுந்தால் பூச்சியின் மூச்சுத் துளைகள் மூடாமல் திறந்தே கிடந்து ஈரம் இன்னும் விரைவாக வெளியேறுகிறது. வெப்பம் கூடக் கூட இந்த அழிவும் வேகம் பெறும். கோடை வெயில் அந்த வகையில் துணைதான்.

ஆனால் மண்சுவரில் நுண்துளைகள் உண்டு. குலுக்கை முழுமையாகக் காற்றைத் தடுப்பதில்லை. வெயிலில் உலர்த்திய தானியமும், வெளிப் பூச்சியை உள்ளே விடாத பூச்சும், சாம்பலும் மணலும் சேர்ந்தே பலன் தந்தன.

பிறகு சாக்குமூட்டைக் காலம் வந்தது. கூட்டுறவுக் கிடங்கும் ரேஷன் கடையும் பெருகியபோது தானியம் கலத்தை விட்டுச் சணல் சாக்குக்கு மாறியது. சாக்கின் இழைகளுக்கிடையே காற்றும் புகும், வண்டும் புகும். ஆகவே கிடங்குகளில் மூட்டை அடுக்குகளைப் பாலித்தீன் விரிப்பால் மூடி, அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்துப் புகையூட்டும் முறை நிலைத்தது. அதிலிருந்து வெளிவரும் பாஸ்பீன் வாயுவைத் தாங்கும் பூச்சி வகைகள் இந்தியாவிலும் பெருகிவிட்டன. மற்றொரு புகைமருந்தான மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி அதன் பொதுப் பயன்பாட்டை வளரும் நாடுகள் 2015க்குள் கைவிட வேண்டியிருந்தது.

மருந்துகள் இப்படிக் கைவிட்ட நிலையில் உலகின் கவனம் காற்றின் பக்கம் திரும்பியது. இறுக்கமாக மூடிய அடுக்கில் 60 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடை ஏறத்தாழ 11 நாள் நிறுத்தினால், 25 பாகை செல்சியசில் பெரும்பாலான பூச்சி வகைகள் அழியும். கப்ரா வண்டின் உறங்குநிலைப் புழு இன்னும் நீண்ட நாள் தாங்கும். இந்தோனேசியாவின் உணவுக் கழகம் அரிசி அடுக்குகளுக்கு இம்முறையைக் கையாண்டது. இந்தியாவில் 1950இல் தொடங்கிய மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமும் கார்பன் டை ஆக்சைடின் ஆற்றலை ஆராய்ந்தது.

வாயு உருளை வாங்க இயலாத சிறு விவசாயிக்குப் பொருந்துவது காற்றுப்புகாப் பை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980களின் பிற்பகுதியில் கேமரூனில் தட்டைப்பயறுக்காகத் தொடங்கிய பணியிலிருந்து மூன்றடுக்குப் பை பிறந்தது. உள்ளே இரண்டு பாலித்தீன் உறைகள், வெளியே நெய்த சாக்கு. வாயை முறுக்கிக் கட்டினால் பூச்சியே தன் ஆக்சிஜனைத் தீர்த்துக்கொள்ளும். உளுந்தும் பாசிப்பயறும் விளையும் அருப்புக்கோட்டை வட்டாரத்தில் பயறு வண்டுக்கு எதிராக மருந்தில்லாத வழி இது. நிபந்தனைகள் இரண்டுதான்: பயறு நன்கு காய்ந்திருக்க வேண்டும், பையை அடிக்கடி திறக்கக் கூடாது. குலுக்கை கட்டிய கைகள் இவ்விரண்டையும் முன்பே கடைப்பிடித்தன. மண்சுவர் விட்ட இடைவெளியைப் பாலித்தீன் அடைத்திருக்கிறது.