மாற்றுச் சொல்லும் மழையும்

ஆபிரிக்க மக்களுக்குச் சனநாயகத்தை ஐரோப்பியரே கற்பித்தனர் என்று எழுதிய காலனித்துவ ஆசிரியர்கள் சிலரல்லர். அவர்கள் ஸ்வானா மக்களின் கொட்லாவைக் கண்டும் காணாதவராயினர்.

இன்று பொட்சுவானா எனப்படும் நாட்டின் ஊர்மன்றே கொட்லா. பிறை வடிவில் நட்ட மரங்களின் நடுவே, மாட்டுப்பட்டியின் அயலில் மக்கள் கூடுவர். தலைவன் விடயத்தை முன்வைத்துவிட்டுக் கேட்டிருப்பான். யாவரும் பேசி ஓய்ந்த பின்னரே முடிவுரைப்பான். பிழையாகப் பேசுபவனுக்கும் தன் சொல்லைச் சொல்லும் உரிமையுண்டு என்பது அவர்தம் பழமொழி.

இதனை வெறும் நிருவாக ஏற்பாடென்று கொள்வது தவறு. மூத்தோர் நெஞ்சில் அடக்கி வைத்த மனத்தாங்கல், முன்னோர் வாயிலாக, இளையோரிடத்து நோயாய் வெளிப்படும் என்பது ஸ்வானா மக்களின் நம்பிக்கை. 'டிகாபா' என்பது அதன் பெயர். எனவே எதிர்ப்பை வெளிவரச் செய்து செவிமடுத்தல், இருப்பார்க்கும் இறந்தார்க்கும் இடையிலான உறவைச் செப்பஞ்செய்தலுமாகும் என்பதே நம் கருத்து. கூட்டத்தில் எழும் வாழ்த்தொலியும் 'புலா', அதாவது மழை, என்பதே.

இம்மன்றை நாம் பொன்னுலகாக்க வேண்டியதில்லை. பெண்களுக்கு அங்கு நெடுங்காலம் இடமில்லை. அடிமைபோல் உழைத்த சான் மக்களின் குரலும் அங்கே கேட்கவில்லை.

ஆயினும் 1948 இல் சேரோவே நகரின் கொட்லாவில் நடந்ததைப் பாருங்கள். பாமாங்வாட்டோ மக்களின் இளந்தலைவர் சேரேட்சே காமா, இலண்டனில் சட்டம் பயிலும்போது, ரூத் வில்லியம்ஸ் என்ற வெள்ளை எழுத்தர் பெண்ணை மணந்தார். 1926 முதல் அவருக்காக ஆட்சியை நடத்திவந்த சிற்றப்பன் செகெடி இம்மணத்தைக் கடுமையாக எதிர்த்தார். நவம்பர் மாதக் கூட்டத்தில் ஏறத்தாழ மன்று முழுவதும் செகெடியின் பக்கம். டிசம்பரில் மீண்டும் கூடினர். எதிர்ப்புச் சற்றுத் தளர்ந்தது. 1949 யூனில் மூன்றாம் முறை ஆயிரக்கணக்கானோர் கூடி நாட்கணக்கிற் பேசினர். இறுதியில், தன் மனைவியை ஏற்காதோர் எழுந்து நிற்குமாறு சேரேட்சே கேட்டார். எழுந்தோர் ஏறக்குறைய 40 பேர். ஏற்போர் எழுக என்றதும் பெருங்கூட்டமே எழுந்தது. ஏழு மாதங்களில் ஒரு சமூகம், வாளெடுக்காது, ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டே, தன் மனத்தை மாற்றிக்கொண்டது!

பிரித்தானிய அரசோ, நிறவெறித் தென்னாபிரிக்காவின் மனங்கோணாதிருக்க, 1950 இல் சேரேட்சேயை நாடுகடத்தியது. தான் நியமித்த விசாரணைக் குழுவின் அறிக்கையையும் மறைத்தது. அம்முடிவை அறிவிக்க உயர் ஆணையாளர் பாரிங் அவ்வாண்டு மார்ச் மாதம் சேரோவேக்கு வந்து கொட்லாவைக் கூட்டினார். முடிவைக் கொண்டுவந்தவர், கேட்க வந்தவரல்லர். மக்கள் ஒருவரும் செல்லவில்லை. மன்று வெறுமையாய்க் கிடந்தது.

செகெடியும் சேரேட்சேயும் 1956 இல் இலண்டனில் உடன்பாடு கண்டனர். பட்டத்துரிமையைத் துறந்து சேரேட்சே ஊர் திரும்பினார். 1966 இல் விடுதலை பெற்ற பொட்சுவானா அவரையே தன் முதற் சனாதிபதியாகக் கொண்டது.