சால்ட் ரெயின்: ஒரு முதல் ஆல்பத்தின் வேர்கள்

லண்டனில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர் சுசீலா ராமன். அவருடைய முதல் ஆல்பம் 'சால்ட் ரெயின்' 2001இல் வந்தபோது, லண்டன் ஈஸ்ட்ஹாமில் எங்கள் சமையலறையில் அது ஓயாமல் ஓடியது. தியாகராஜரின் 'நகுமோமு' ஒரு பக்கம், அமெரிக்கப் பாடகர் டிம் பக்லியின் பாட்டு இன்னொரு பக்கம். சங்கீதம் படித்த சின்னம்மா முகத்தைச் சுளித்தார். நான் மயங்கிப்போனேன்.

பழைய பாட்டைப் புதிய உடையில் பாடுவது வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 1990இல் அங்கிள் டுபேலோ என்ற குழு, பழைய கண்ட்ரி இசைக் குழுவான கார்ட்டர் குடும்பத்தார் 1936இல் பாடிய பாட்டை எடுத்துப் பாடி, அதன் பெயரையே தன் முதல் ஆல்பத்துக்கு வைத்தது. கண்ட்ரியும் ராக்கும் கலந்த ஆல்ட் கண்ட்ரி இசை பரவியது அந்த வழியிலும்தான். தாத்தா காலத்துப் பாட்டைப் பேரப்பிள்ளைகள் மின்கிதாரோடு பாடினார்கள். சுசீலா செய்ததும் அதே வகை வேலைதான்.

மரபு கெட்டது என்று வருந்தியவர்களுக்கு முத்துசுவாமி தீட்சிதரை நினைவூட்ட விரும்புகிறேன். கிழக்கிந்தியக் கும்பினியின் பேண்டு வாசித்த மேற்கத்திய மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் இயற்றினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டில் 'சந்ததம் பாஹிமாம்', அயர்லாந்து நடன மெட்டு ஒன்றில் 'வந்தே மீனாக்ஷி'. அயர்லாந்து, ஸ்காட்லாந்து மெட்டுகள் கடல் தாண்டி அப்பலாச்சிய மலைகளுக்கும் போயின. கண்ட்ரி இசைக்கு அவையும் விதை. எவ்வளவு பெரிய உறவு இது!

'சால்ட் ரெயின்' 2001ஆம் ஆண்டின் மெர்க்குரி இசைப் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. பரிசு பாடகி பி.ஜே. ஹார்விக்குப் போனது. லண்டன் தமிழரின் இசை வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த ஆல்பத்தை விட்டுவிடக் கூடாது.