வாயிற்படியில் நிற்பவர்கள்

'பரோல்' என்றதும் சிறையிலிருந்து சில நாள் விடுப்பில் வருபவரே நம் நினைவில் தோன்றுவார். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு 'வாக்கு' என்பது பொருள். அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்திலும் அச்சொல் உண்டு. விசா இல்லாதோரைத் தற்காலிகமாக உள்ளே அனுமதிக்கும் அதிகாரத்தை 1952ஆம் ஆண்டுச் சட்டம் அரசின் தலைமை வழக்கறிஞருக்கு அளித்தது. இவ்வாறு வந்தவர் ஊர் நடுவே வாழினும், சட்டத்தின் பார்வையில் வாயிற்படியில் நிற்பவரே ஆவார்.

1956 நவம்பரில் சோவியத் படைகள் ஹங்கேரியின் எழுச்சியை நசுக்கின. ஏறத்தாழ இரண்டு லட்சம் மக்கள் நாட்டைவிட்டு வெளியேறினர். பெரும்பாலோர் ஆஸ்திரியாவில் தஞ்சம் புகுந்தனர். அமெரிக்கா ஏற்றுக்கொண்டவர் சுமார் 38,000 பேர். விசாக்கள் போதாமையால், அவர்களுள் 30,000க்கும் மேற்பட்டோர் பரோல் வழியே வந்தனர். நியூ ஜெர்சியின் கில்மர் முகாமில், கத்தோலிக்கத் தொண்டமைப்பு உட்படப் பல அமைப்புகள் அவர்களைப் பொறுப்பேற்போரைத் தேடித் தந்தன.

வீடும் வேலையும் கிடைத்தன. நிலைத்து வாழும் உரிமை மட்டும் கிடைக்கவில்லை. 1958 ஜூலையில் இயற்றப்பட்ட தனிச் சட்டமே, ஈராண்டு தங்கியிருந்தோர் நிரந்தர வதிவுரிமை பெற வழிவகுத்தது. 1966இல் கியூபருக்கும், 1977இல் இந்தோசீன மக்களுக்கும் இத்தகைய சட்டங்கள் பிறந்தன.

பின்வந்தோர்க்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. 2021இல் பரோலில் வந்த ஆப்கானியருக்காக மறு ஆண்டு முன்மொழியப்பட்ட மசோதா நிறைவேறாமற்போயிற்று. கியூபா, ஹெய்ட்டி, நிகராகுவா, வெனிசுவேலா நாட்டினர் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர்க்கு வழங்கப்பட்ட பரோலை முடித்துவைப்பதாக 2025 மார்ச்சில் அரசு அறிவித்தது. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அதனைச் செயற்படுத்த உச்ச நீதிமன்றம் மே 30 அன்று இசைந்தது.

இனி அவர்களுக்கு எஞ்சும் வழிகள் யாவை? துன்புறுத்தலுக்கு அஞ்சுவோர் தஞ்சம் கோரலாம். வந்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொதுவிதி. அமெரிக்கக் குடிமகனை மணந்தவரும், இருபத்தொரு வயது நிரம்பிய குடிமகனின் பெற்றோரும் வதிவுரிமை கோரலாம். பரோலில் முறையாக நுழைந்தமை இங்கு அவர்களுக்குத் துணைநிற்கும். கியூபர்க்கோ 1966ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் உண்டு. இவற்றுள் எதிலும் அடங்காதோர் பலர்.

ஹங்கேரியரும் வெனிசுவேலரும் நுழைந்தது ஒரே சட்ட வாயில் வழியாகத்தான். முன்னவரைத் தொடர்ந்து ஒரு சட்டம் வந்தது. பின்னவரைத் தொடர்ந்து அறிவிப்பு மட்டுமே வந்தது. இரக்கத்தால் அழைக்கப்பட்டோர் இருக்கையின்றி எத்தனை நாள் வாயிற்படியில் நிற்பது?